எனக்கும் அப்படித்தான் கேக்குது

கையுறைத் தொழிற்சாலையின் பரிசோதனை மேசையில் அவளுக்கு ஈவிரக்கமே கிடையாது என்று தையல் பிரிவில் பேசிக்கொள்வார்கள். தைத்து வரும் ஒவ்வொரு தோல் கையுறைக்குள்ளும் தன் கையை நுழைப்பாள். விரல்களை விரித்து, விரல் இடுக்கில் இருக்கும் தையலை இழுத்துப் பார்ப்பாள். ஒரே ஒரு நூல் நெகிழ்ந்திருந்தாலும் கையுறை சிவப்புக் கூடைக்குப் போய்விடும். சத்தம் போடமாட்டாள், முகம் சுளிக்கமாட்டாள். தைத்தவள் எழுந்து வந்து கெஞ்சினாலும், நெகிழ்ந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வாள். அவள் கூடையில் போட்டதை மேற்பார்வையாளர் ஒரு நாளும் திரும்ப எடுத்ததில்லை.

அதே ஆளுக்கு வீட்டில் பெயர் தலையாட்டி.

பெயர் வைத்தது கணவரின் அக்கா. கல்யாணமாகி வந்த புதிதில், வீட்டுக்கு வந்திருந்த நாலு பேர் முன்னால் வைத்து, “இவகிட்ட மழை பெய்யுதான்னு கேட்டாலும் ஆமாம்பா, வெயில் அடிக்குதான்னு கேட்டாலும் ஆமாம்பா” என்று சொல்லிச் சிரித்தாள். அதற்கும் அவள் சிரித்துத் தலையாட்டினாள். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க வேண்டாம், வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு வருகிற கை, வீட்டுக்குள் வந்ததும் எதையும் ஒதுக்க விரும்பாது. அதை யாருக்கும் விளக்கிச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் கருவிப் பெட்டி இருந்தாலும் அவருடைய முதல் கருவி காதுதான். லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்று, மெதுவாக மேலும் கீழும் ஓட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். உருளை தேய்ந்தால் ஒரு சத்தம், எண்ணெய் வற்றினால் இன்னொரு சத்தம், கதவு மோட்டார் திணறினால் வேறொரு சத்தம். கேட்டு முடித்ததும் கோளாறு இருக்கும் இடத்தில் நேராகக் கையை வைப்பார். அப்படியும் பிடிபடாத கோளாறுக்கு அவரிடம் ஒரு முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றுவார். மாற்றிவிட்டுக் கேட்பார். சத்தம் போகவில்லை என்றால் அந்தப் பாகம் நிரபராதி. அடுத்த பாகத்துக்குப் போவார். இடையில் எவ்வளவு பேர் வந்து அவசரப்படுத்தினாலும் அந்த வரிசையை மாற்றமாட்டார்.

அவரிடம் ஒரு ரெகார்டு பிளேயர் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. “என்கூட ரெண்டு பேர் வந்திருக்காங்க. ஒண்ணு இந்தப் பிளேயர், இன்னொண்ணு எங்க அக்கா. ரெண்டுமே ஆரம்பிச்சா பக்கம் முடியறவரைக்கும் நிறுத்தாது” என்று முதல் வாரத்தில் அவளிடம் சொன்னார். அவள் அவர் முன்னால் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் பிளேயரின் மூடி திறக்கும். அவர் நாற்காலியில் உட்காருவார். அவள் கட்டிலின் ஓரத்தில், மடியில் முறத்தோடு பட்டாணி உரித்துக்கொண்டோ, பொத்தான் தைத்துக்கொண்டோ உட்காருவாள். உண்மையைச் சொன்னால், அவள் பாட்டைக் கேட்டதைவிட அவர் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். வாரம் முழுக்க முறுக்கிக் கிடந்த நெற்றி, இரண்டாவது பாட்டு வருவதற்குள் அவிழ்ந்துவிடும். வாய் லேசாகத் திறந்துகொள்ளும். தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கென்று வெவ்வேறு ஊர்களுக்குப் போன பிறகும் அந்த மதியங்கள் மட்டும் அப்படியே இருந்தன. வாரத்தின் மற்ற நாட்களில் அவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் பால் வாங்கியாச்சா, கதவைப் பூட்டியாச்சா என்ற அளவுதான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டின் நடுவில் அவர் கண்ணைத் திறந்தார்.

“என்னமோ மங்கலா இருக்கு. போர்வையைப் போத்திக்கிட்டுப் பாடற மாதிரி. உனக்கும் அப்படித் தெரியுதா?”

அவளுக்கு எப்போதும்போலத்தான் கேட்டது. அதைச் சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். கூட்டத்தில் பிள்ளையின் கையைத் தவறவிட்டவர் முகத்தில் வருமே, அதுபோல ஏதோ ஒன்று அந்த முகத்தில் வந்துவிட்டுப் போயிற்று. அந்தப் பயத்தோடு அவரைத் தனியாக விட அவளுக்கு மனம் வரவில்லை.

“ஆமாங்க, எனக்கும் அப்படித்தான் கேக்குது” என்றாள்.

அவர் முகம் தெளிந்தது. “அப்போ ஊசிதான்” என்று எழுந்தார்.

ஊசியை மாற்றினார். மங்கல் போகவில்லை. ஊசி நிரபராதி. இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவித் துணிக்கொடியில் கிளிப் மாட்டாத குறையாகக் காயவைத்தார். போகவில்லை. பின்பக்கத்து ஒயரை மாற்றினார். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தார், பிறகு கிட்டே வைத்தார், ஒரு வாரம் நாற்காலியை நகர்த்தினார். அடுத்து ஃபோனோ ப்ரீஆம்ப். ஊசி தட்டிலிருந்து எடுக்கும் ஒலி கொசுவின் மூச்சு அளவுதான் இருக்குமாம். அதைத் தூக்கிக் கொடுத்து, தட்டில் பதியும்போது குறைத்த அடிச்சத்தத்தையும் கூட்டிய மேல்சத்தத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அந்தச் சின்னப் பெட்டியின் வேலை. “மேல்சத்தம் போகுதுன்னா இதுதான் முழுங்குது” என்று முடிவுகட்டி, பழைய கறுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு வெள்ளிநிறத்தில் புதிதாக ஒன்று வாங்கி வந்தார்.

ஒவ்வொரு தடவையும் மாற்றி முடித்ததும் அவளைப் பார்த்து, எப்படி இருக்கு என்பார். அவள் பாட்டைக் கேட்கமாட்டாள், அவர் புருவத்தைப் பார்ப்பாள். அது மேலேறியே இருந்தால், “இன்னும் கொஞ்சம் மங்கல்தாங்க” என்பாள். இருட்டில் நடக்கிறவருக்குத் துணையாகக் கூட நடப்பது மாதிரிதான் அவள் அதை நினைத்திருந்தாள். தன் ஒவ்வொரு பதிலும் அவரை அடுத்த பாகத்துக்குத் துரத்திக்கொண்டிருந்தது அவளுக்கு உறைக்கவில்லை.

உறைத்தது ஒரு சாதாரண மாலையில். வேலை முடிந்து வந்தவர் ஃப்ரிட்ஜைத் திறந்து, கதவை முதுகால் தாங்கிக்கொண்டே பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். கதவு அதிக நேரம் திறந்திருந்தால் அந்த ஃப்ரிட்ஜ் கூச்சல் போடும். மெல்லிசான, காதுக்குள் ஊசி ஏற்றுகிற மாதிரியான கூச்சல். அறையின் மறுகோடியில் துணி மடித்துக்கொண்டிருந்த அவளுக்கே பல் கூசியது. அவரோ அதன்மேலேயே சாய்ந்துகொண்டு, அன்றைக்கு எந்தக் கட்டடத்தில் என்ன கோளாறு என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது கத்திக்கொண்டே இருந்தது. அவள் எழுந்து வந்து, அவர் தோளை மெல்ல நகர்த்திக் கதவைச் சாத்தினாள்.

அதன் பிறகு அவள் கையுறையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்க்க ஆரம்பித்தாள். காய்ச்சல் பார்க்கும் கருவி கூவி முடித்த பிறகும் அக்குளில் இடுக்கிக்கொண்டே இருந்தார். பெரிய சத்தங்களில் குறை இல்லை. பேச்சும் கேட்டது. மேலே இருக்கும் மெல்லிய சத்தங்கள் மட்டும் அவருக்கு இல்லாமல் போயிருந்தன.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் எதைச் சொல்வது? காது போகிறது என்றா? காதை நம்பிப் பிழைக்கிற மனுஷனிடமா? கேட்காத மெக்கானிக்கை யார் லிஃப்டின் கூரைமேல் ஏற்றுவார்கள்? சொல்லாமல் இருந்தாலும் பயம்தான். என்றைக்காவது கேட்க வேண்டிய ஒரு சத்தத்தை அவர் கேட்காமல் விட்டால்? இரண்டு பக்கமும் யோசித்துவிட்டு, வாயைத் திறந்து, “தோசை ஊத்தட்டுமா” என்பதுபோல எதையாவது கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள்.

இடையில் அவருடைய அக்கா வந்திருந்தாள். வந்து உட்கார்ந்த சூட்டோடு, “டேய், உனக்குக் காது மந்தமாயிடுச்சுடா. போன்ல ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்றே” என்றாள்.

“உன் பேச்சு கேக்கலைன்னா அது கோளாறு இல்லக்கா, குடுப்பினை” என்றார் அவர். பிறகு மனைவியைக் கைகாட்டினார். “இவளுக்கும்தான் பாட்டு மங்கலா கேக்குது. புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே சமயத்துலயா காது போகும்?”

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். “ஏன்டிம்மா, நெஜமாவா?”

அவள் தலையாட்டினாள். ஆட்டியபோது கழுத்து வலித்ததுபோல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மூடியைத் திறக்காமலே பிளேயரின் முன்னால் நின்றார். இனி கார்ட்ரிட்ஜ் ஒன்றுதான் பாக்கி என்றார். ஊசியைத் தாங்கி நின்று அதன் நடுக்கத்தை மின்சாரமாக்கும் சின்ன டப்பா அது. அதையும் மாற்றிப் பார்த்துவிட்டுச் சரியாகவில்லை என்றால், தேய்ந்து போயிருப்பது தட்டுகள்தான், அதற்கு மருந்தில்லை.

“எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துடலாம். மங்கலா கேக்கறதுக்குக் கேக்காமலே இருக்கலாம்” என்றார்.

அவருக்குப் பாட்டு போகும், தனக்கு அந்த முகம் போகும், மிச்சம் இருப்பது பாலும் பூட்டும்தான் என்று அவளுக்குத் தோன்றியது. கார்ட்ரிட்ஜ் வாங்க அவளையும் வரச் சொன்னார். “உன் காதும் வேணும், ஒத்துப் பார்க்க” என்றார்.

கடை ஒரு பழைய வணிகக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. நான்கு பக்கமும் கனத்த திரை தொங்கும் ஒரே அறை. கடைக்காரர் ஒல்லியான, பூனைபோல நடக்கிற மனிதர். எதைத் தொடுவதற்கு முன்பும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். கார்ட்ரிட்ஜுகளைப் பற்றிப் பேசும்போது குடிவரப் போகிறவர்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்.

“வாடகைக்கு ஆள் வைக்கிற மாதிரிதாங்க. எவ்வளவு பெரிய ஆளுங்கறது முக்கியமில்ல, உங்க வீட்டோட ஒத்துப்போவாரான்னு பாக்கணும். இதோ, இவர் ரொம்ப நேர்மை. தட்டுல ஒரு கீறல் இருந்தாலும் ஊருக்கே சொல்லிடுவார். இவர் சாது. யார்கிட்டயும் சண்டைக்குப் போகமாட்டார்.”

முதலில் இருப்பதைக் கேட்போம் என்று, அவர்கள் வீட்டிலிருந்து எடுத்துவந்த பழைய கார்ட்ரிட்ஜைத் தன் பிளேயரில் மாட்டினார். வெள்ளிநிறப் பெட்டியையும் இணைத்தார். பாட்டு ஓடியது. கடைக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“இதுல என்ன குறை? நல்லாத்தானே இருக்கு.”

“மங்கலா இல்ல?” என்றார் அவர்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“எங்க ரெண்டு பேருக்கும் தெரியுதே. கேளுங்க இவளை.”

கடைக்காரர் அவளைப் பார்த்தார். அவள் வழக்கம்போல, “ஆமாங்க, கொஞ்சம் மங்கல்தான்” என்றாள்.

கடைக்காரர் பழைய கார்ட்ரிட்ஜைக் கழற்றி நேர்மையானவரை மாட்டினார். அறை முழுக்க ஒலி தெறித்தது. பாடகியின் உதடு பிரிகிற சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. கணவர் உதட்டைப் பிதுக்கினார். “அப்படியேதான் இருக்கு. என்ன சொல்றே?” அவள் தலை தானாக ஆடியது.

கடைக்காரர் ஊசியைத் தூக்கிவிட்டார். அறை அமைதியாயிற்று. அவர் தன் வலது காதைச் சுண்டுவிரலால் அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினார். பிறகு இடது காதை.

“ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றீங்க” என்றார் மெதுவாக. “அப்போ எனக்குத்தான் தெரியலை. போன மாசம் ஒருத்தர் இரைச்சல்னு ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு இரைச்சலே கேக்கலை. சண்டை போட்டு அனுப்பினேன், பாவம்.” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “இந்தக் காதை வெச்சுதான் இத்தனை நாள் எல்லாருக்கும் நல்லது கெட்டது சொல்லிட்டிருக்கேன்.”

கணவரின் முகத்தில் அன்றைக்கு அவள் பார்த்த அதே பயம் இப்போது முன்பின் தெரியாத இந்த மனிதரின் முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அது தானாக வந்ததல்ல, தான் கொண்டுவந்து வைத்தது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒருவருக்குத் துணைபோகிறேன் என்று இன்னொருவரின் நல்ல கையுறையைக் கூடையில் போட்டாயிற்று. அதை அவளால் தாங்க முடியவில்லை.

“இல்லங்க” என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “உங்க காதுல ஒரு குறையும் இல்ல. நல்லாத்தான் பாடுது. முதல்ல போட்டதும் நல்லா இருந்துச்சு, இது பளிச்னு இருக்கு. எனக்கு எப்பவுமே மங்கலா கேட்டதில்ல.”

சொன்னது கடைக்காரரிடம்தான். கேட்டது இருவரும்.

கடைக்காரர் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், புரிந்துகொண்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லித் திரைக்குப் பின்னால் போய்விட்டார். கணவர் வெள்ளிநிறப் பெட்டியின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். ஒழுங்காகச் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினார்.

“எவ்வளவு நாளா தெரியும்?”

“ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருந்தா கத்துமே... அதுலேர்ந்து.”

அவர் நிமிர்ந்தார். “அது கத்துமா?”



ஒன்றும் வாங்காமல் கிளம்பினார்கள். லிஃப்டில் அவர்கள் இருவர்தான். கதவு மூடி இறங்கத் தொடங்கியதும், முகத்தைத் திருப்பாமலே அவர் கேட்டார். “இப்ப ஏதாவது சத்தம் வருதா? இருக்கறதைச் சொல்லு.”

அவள் கேட்டாள். அவர் புருவத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “மேல வரும்போது இல்ல. இப்ப மெல்லிசா ஒரு கீச்சு. விட்டுவிட்டு வருது.”

அவர் உள்ளங்கையைப் பக்கச் சுவரில் வைத்துப் பார்த்தார். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். கீழே வந்ததும் காவல்காரரிடம், உருளையைப் பார்க்கச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கருவிப் பெட்டி இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாதவர்போலப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தார்.

வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். சாப்பிட்டார், கேட்டதற்கு உம் என்றார், ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறக்காமல் செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படித்தார். தொழிற்சாலையில் கையுறைகளுக்குள் அவள் கை நுழைந்தது, வந்தது. ஒரு நாள் நல்ல கையுறையையே கூடையில் போட்டுவிட்டாள், மேற்பார்வையாளர் எடுத்துக் காட்டினார்.

அன்று மாலை அவர் வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “மீட்டர் பொய் சொன்னா மெக்கானிக் என்னதான் பண்ணுவான்?”

“துணைக்குத்தான் சொன்னேன்” என்றாள் அவள்.

“தெரியும். அதனாலதான் கோபம்கூட ஒழுங்கா வரமாட்டேங்குது.”

மறுநாள் தானாகவே காது மருத்துவரிடம் போய்விட்டு வந்தார். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் நடந்ததைச் சொன்னார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் வந்தால் பொத்தானை அமுக்குங்கள் என்றார்களாம். கொஞ்ச நேரம் அமுக்கினாராம். அப்புறம் ஒன்றுமே வரவில்லையாம். வெகுநேரம் காத்திருந்துவிட்டு, கண்ணாடியைத் தட்டி, வெளியே மிஷினை இயக்கிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டாராம்.

“உங்க மிஷின்ல ஏதோ கோளாறும்மா, ஒயரை செக் பண்ணுன்னு சொன்னேன்.”

சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அவளுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் அதைப் பார்க்காததுபோல டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். போனது திரும்பாதாம், காதில் வைக்கும் கருவி பேச்சுக்கு உதவுமாம், அளவு கொடுத்துவிட்டு வந்திருந்தார். கம்பெனியிலும் அவரே சொல்லிவிட்டார். கூரைமேல் ஏறும் வேலையை எடுத்துவிட்டு, பாகங்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் பட்டறையில் உட்காரவைத்தார்கள். “உக்காந்துக்கிட்டே சம்பளம்” என்று வெளியில் சொல்லிக்கொண்டார். வீட்டில் கொஞ்ச நாள் யார் பேச்சும் பிடிக்காமல் இருந்தார். பட்டறையில் ஒரு மோட்டாரைத் தொட்டுப் பார்த்தே கோளாறைச் சொன்ன அன்றைக்குத்தான் வழக்கம்போலச் சாப்பிட்டார்.

அந்த வாரம் சனிக்கிழமை வந்தபோது, கிளம்பு, கடைக்குப் போகலாம் என்றார். எந்தக் கடைக்கு என்று கேட்டாள்.

“கார்ட்ரிட்ஜ் கடைக்கு.”

“இனிமே எதுக்குங்க?”

“இந்த வீட்ல ஒரு ஜோடி காதாவது உருப்படியா இருக்கே. அதுக்குத் தீனி போட வேண்டாமா?”

கடைக்காரர் அவர்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். இந்தத் தடவை கணவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அவளை முன்னால் உட்காரவைத்தார்கள். முதலில் கூச்சத்தில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு பாட்டுக்குள் கையை நுழைப்பதாக நினைத்துக்கொண்டாள். விரலை விரித்து, இடுக்குகளை இழுத்துப் பார்ப்பதாக. நேர்மையானவரை அரைப் பாட்டிலேயே ஒதுக்கினாள். பல் கூசுது என்றாள். அதைவிட விலை கூடிய ஒன்று வந்தது, அறை பெரிதானது, ஆனால் குரல் எங்கோ பின்னால் போய் நின்றுகொண்டது, வேண்டாம் என்றாள். கடைக்காரர் வாதாடிப் பார்த்தார். அவள் ஊசி ஓடிக்கொண்டிருந்த இடத்தை விரலால் காட்டி, “இங்க நெகிழுது பாருங்க” என்றாள். அவர் குனிந்து கேட்டுவிட்டு, அதைக் கழற்றி வைத்தார். கடைசியில் சாதுவைத்தான் எடுத்தாள்.

கணவர் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு ஆள் தன் வீட்டில் இத்தனை வருஷமாக இருந்தாள் என்று யாரோ இப்போதுதான் வந்து சொன்னதுபோல இருந்தது அவர் முகம்.

“அந்த வெள்ளிப் பெட்டி எப்படி? அதையாவது நல்லதா வாங்கினேனா?” என்று கேட்டார்.

அவள் தயங்கினாள். “பழைய கறுப்புதான் நல்லா இருந்துச்சு.”

கடைக்காரர் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார்.

கழற்றிய பாகத்தை எறிகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அலமாரியிலிருந்து கறுப்புப் பெட்டி இறங்கியது. சாதுவை மாட்டி, சின்ன ஸ்க்ரூக்களை முடுக்கி, ஊசியைத் தாங்கும் கையின் எடையைச் சின்னத் தராசில் சரிபார்த்து, ஒரு தட்டைப் போட்டார். அவள் கட்டில் ஓரத்துக்குப் போகப் பார்த்தாள். “இங்க வா” என்று நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டார்.

மூன்றாவது பாட்டில் வெண்கலச் சிம்பலின் சின்ன ஒலி ஒன்று உண்டாம், விரல் நுனியால் தொட்டதுபோல வருமாம். அதுதான் அவருக்கு அந்தத் தட்டிலேயே பிடித்த இடமாம். மனதில் அப்படியே இருக்கிறது என்றார். பாட்டு வந்ததும் விரலை உயர்த்திக் காத்திருந்தார். பாடகி ஓரிடத்தில் மூச்சு வாங்கினாள். “இப்ப” என்று விரலை இறக்கினார். “வந்துச்சா?”

“இல்ல.”

“வந்திருக்கும். நல்லா கேளு.”

“வரலைங்க.”

“எத்தனை வருஷமா கேக்கறேன், எனக்குத் தெரியாதா?”

“இல்ல” என்றாள் மறுபடியும், பாட்டிலிருந்து காதை எடுக்காமல். கொஞ்சம் பொறுத்து, வயலின் ஒரு சுற்றுச் சுற்றி இறங்குகிற இடத்தில் அது வந்தது. அவள் கையை நீட்டி அவர் மணிக்கட்டில் ஒரு விரலால் தொட்டாள். தொட்டுவிட்டு எடுத்தாள். அடுத்தது வந்தது, தொட்டாள். அதற்கடுத்தது சற்று ஓங்கி வந்தபோது ஓங்கித் தொட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அங்கயா வருது?” என்றார் வியப்பாக. “நான் முன்னாடியே வருதுன்னுல்ல வெச்சிருந்தேன்.”

நெற்றி அவிழத் தொடங்கியிருந்தது. ஆனால் அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அடுத்தது எந்த நொடியும் வரலாம்.